பேனாவால் அடித்த ஒரு வரி: பழைய உயிலைப் பழுதுபார்த்த கதை

பீரோவின் உள்ளறையில், பாலிதீன் உறைக்குள் நான்காக மடித்த மூன்று தாள்கள். 2013-இல் நான் எழுதிய உயில். எழுதி முடித்த அன்று தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தது போலிருந்தது. அதன்பிறகு ஒரே ஒருமுறைதான் அதை வெளியே எடுத்தேன். 2019-இல், கையில் இருந்த காலி மனையை விற்றபோது. 'மேற்படி மனை என் இளைய மகளைச் சேர வேண்டியது' என்று இருந்த வரியின் மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். ஓரத்தில் 'மனைக்குப் பதிலாக வங்கி வைப்புத்தொகை' என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்தும் போட்டு, பழையபடி மடித்து வைத்துவிட்டேன்.

நான் ஆலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருப்பவன். வரைபடத்தில் யாராவது இப்படிப் பேனாவால் திருத்திவிட்டுப் போனால் கூப்பிட்டுத் திட்டுவேன். என் சொந்தக் காகிதத்தில் அதையே செய்திருக்கிறேன் என்பது ஆறு வருஷமாக உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது என் தாய்மாமாவின் சாவு. உயிலை நிறைவேற்றி வைக்கும் பொறுப்பை, எக்ஸிகியூட்டர் என்பார்களே அதை, அவர் பெயருக்குத்தான் எழுதியிருந்தேன். காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த இரவுதான் அந்த வரி நினைவுக்கு வந்தது. 2013-இல் அவருக்கு வயது 68. என்னைவிட இருபது வயது மூத்தவரை, எனக்குப் பின்னால் செய்யவேண்டிய வேலைக்கு நியமித்திருக்கிறேன். அன்று யாருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றவில்லை, எனக்கும்தான்.

முதல் வாரம்: பிரித்துப் பார்த்தது

பென்சிலோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். தப்பு என்று பட்டதையெல்லாம் வட்டம் போட்டேன். ஒன்பது வட்டம். மூன்று பக்கத்துக்கு ஒன்பது.

எக்ஸிகியூட்டர் இல்லை. மாற்று ஆளும் எழுதவில்லை. வைப்புத்தொகை இரண்டுக்கும் ரசீது எண் போட்டிருக்கிறேன். அந்த ரசீதுகள் முதிர்ந்து, புதுப்பித்து, வேறு வங்கிக்கே போய்விட்டன. வீட்டின் நான்கெல்லையில் 'வடக்கில் இன்னார் வீடு' என்று இருக்கிறது. அந்த இன்னார் விற்றுவிட்டுப் போய் வருஷம் பல ஆகிவிட்டது. சர்வே எண்ணில் அதன்பிறகு உட்பிரிவு நடந்திருக்கிறது, பட்டாவில் ஓர் எண், உயிலில் வேறோர் எண். மகள்கள் மைனராக இருந்தபோது கார்டியன் நியமித்த பத்தி ஒன்று இருந்தது. இருவரும் இப்போது வேலைக்குப் போகிறார்கள். (அந்தப் பத்தியே அன்றும் வீண்தான். தாய் உயிரோடு இருக்கும்போது தகப்பன் உயிலில் எழுதும் கார்டியன் நியமனத்துக்கு வேலையே கிடையாது. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் 9-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது.)

பென்சில் அதிக நேரம் நின்றது இந்த வாக்கியத்தில்:

'என் மனைவி தன் ஆயுள்வரை மேற்படி வீட்டைச் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்து, அவர் காலத்துக்குப் பின் என் மூத்த மகள் அடைய வேண்டியது.'

பத்திர எழுத்தர் சொல்லச் சொல்ல எழுதிய வாக்கியம். காதுக்குக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் 'ஆயுள்வரை' என்றால் அவளால் விற்க முடியாது, அனுபவிக்கலாம், அவ்வளவுதான். 'சர்வ சுதந்திர பாத்தியம்' என்றால் விற்கலாம், அடமானம் வைக்கலாம், தானம் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறேன். எது என்று யாராவது கேட்டால் கோர்ட்டில்தான் பதில். நான் என்ன நினைத்து எழுதினேன் என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை.

நண்பரின் மகள் வக்கீல். அவளிடம் தாள்களைக் கொண்டுபோனேன். வட்டங்களையெல்லாம் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, நான் வட்டமே போடாத இடத்தில் விரலை வைத்தாள்.

"அங்கிள், இந்தக் கோடு எப்போ போட்டீங்க?"

"மனை வித்தப்போ. பக்கத்துலயே கையெழுத்தும் போட்டிருக்கேன் பாரு."

"சாட்சி கையெழுத்து எங்கே?"

திருத்தத்துக்கு என்ன சாட்சி என்று கேட்டேன். அப்போதுதான் விளக்கினாள். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இல் 71-ஆம் பிரிவு. உயில் கையெழுத்தான பிறகு அதில் அடித்தல், இடைச்செருகல், மாற்றம் எது செய்தாலும், உயிலுக்குப் போட்டது போலவே அதற்கும் எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் திருத்தம் இல்லாததற்குச் சமம். படிக்கவே முடியாதபடி மை பூசி அழித்திருந்தால் கதை வேறு. என் கோடோ ரொம்ப நாகரிகமான கோடு. அடியில் இருக்கும் எழுத்து ஒன்றுவிடாமல் தெரிகிறது.

சரி, திருத்தம் செல்லாது, பழைய வரி நிற்கும். பழைய வரி என்ன சொல்கிறது? மனை இளையவளுக்கு. மனை எங்கே? விற்றாயிற்று. குறிப்பிட்டு எழுதிவைத்த பொருள் எழுதியவர் இறக்கும்போது அவரிடம் இல்லையென்றால் அந்த ஷரத்து தானாகவே காலி. அது அதே சட்டத்தின் 152-ஆம் பிரிவு. மனை போய்விட்டது என்பதற்காக மனை விற்ற பணம் அவளுக்கு வராது.

அப்படியென்றால் அந்தப் பணத்தைப் போட்டு வைத்திருக்கும் வைப்புத்தொகை யாருக்கு? உயிலில் அதைப்பற்றிச் செல்லுபடியாகும் ஒரு சொல்கூட இல்லை. 'இதில் சொல்லப்படாத மற்ற எல்லாச் சொத்தும் இன்னாருக்கு' என்ற மீதி ஷரத்தையும் நான் எழுதவில்லை. ஆகவே உயில் இல்லாதவன் சொத்துப் போலவே அது பிரியும். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி முதல் வகுப்பு வாரிசுகள்: என் அம்மா, என் மனைவி, இரண்டு மகள்கள். ஆளுக்குக் கால் பங்கு.

வக்கீல் மேசையில் கிடந்த ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூத்தவளுக்குப் பின்னாளில் வீடு, கூடவே வைப்புத்தொகையில் கால். இளையவளுக்கு வைப்புத்தொகையில் கால் மட்டும். இரண்டு பேருக்கும் சமமாக இருக்கட்டும் என்று நினைத்து நான் போட்ட கோடு, சின்னவளைக் கிட்டத்தட்ட வெறுங்கையாக்கிவிட்டது. ஒருவேளை நான் போன வருஷமே போய்ச் சேர்ந்திருந்தால், அக்கா தங்கை இருவரும் அந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டு என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்தேன். அப்பா மனசு தெரிகிறது, சட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு பெரியவளின் பெருந்தன்மையை நம்பித்தான் சின்னவள் நின்றிருக்க வேண்டும்.

"கோடிசில் போட்டுத் திருத்திடலாமா?" என்றேன். உயிலோடு சேர்த்துப் படிக்கும் இணைப்புப் பத்திரம் அது; ஒன்றிரண்டு மாற்றத்துக்குப் போதும். அவள் என் ஒன்பது வட்டங்களையும் மறுபடி பார்த்தாள். "ஒட்டுப் போடறதுக்குத் துணி மிச்சம் இருக்கணுமே அங்கிள்."

புதிதாகவே எழுதுவது என்று முடிவானது.

இரண்டாம், மூன்றாம், நான்காம் வாரங்கள்: கணக்கெடுப்பு

ஒரு மாலையில் முடியும் என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்தது. ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டேன்: என்ன சொத்து, யார் பெயரில், நாமினி யார், மூலப் பத்திரம் எங்கே. நான்காவது கட்டத்தை நிரப்பத்தான் வீட்டையே புரட்ட வேண்டியிருந்தது.

நாமினி கட்டமோ அவமானமாக இருந்தது. கல்யாணத்துக்கு முன் எடுத்த ஆயுள் காப்பீட்டில் நாமினி என் தம்பி. இருபத்தெட்டு வருஷமாக மாற்றவில்லை. ஒரு வங்கிக் கணக்கில் நாமினியே இல்லை. இன்னொன்றில் அப்பா, அவர் இறந்தது 2009-இல்.

நாமினியைப்பற்றி நான் நினைத்திருந்ததும் தப்பு. நாமினிக்குத்தான் பணம் சொந்தம் என்று பாதிப்பேர் நினைக்கிறோம். வங்கியிடமிருந்து பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் கைதான் நாமினி. அதை வாரிசுகளுக்கோ உயிலில் சொன்னவருக்கோ சேர்க்க வேண்டும். ஆயுள் காப்பீடு பற்றி உச்ச நீதிமன்றம் 1984-இலேயே இப்படிச் சொன்னது. கம்பெனிப் பங்குகளுக்கும் இதேதான் என்று 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. காப்பீட்டில் மட்டும் 2015-இல் சட்டத்தைத் திருத்தினார்கள்: பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது. தம்பி அந்தப் பட்டியலில் இல்லை. என் பாலிசிப் பணத்தை அவன் வாங்கி, என் மனைவியிடம் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுப்பான்தான். ஆனாலும் அவனுக்கு எதற்கு அந்தச் சங்கடம்?

அதனால் நாமினியும் உயிலும் ஒரே ஆளைக் காட்டும்படி எல்லாவற்றையும் மாற்றினேன். வங்கி வைப்புகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம், ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தும் எழுதலாம். லாக்கருக்குப் பிரிக்க முடியாது. ஒருவர் இல்லையென்றால் அடுத்தவர் என்று வரிசையாகத்தான் போடலாம்.

கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்குகளைத் தேட ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உத்கம் இணையதளத்தில் என் பெயரைப் போட்டுத் தேடினேன். பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கில் இருக்கும் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். போனாலும் கேட்டு வாங்கலாம். என் முதல் வேலையின் சம்பளக் கணக்கு அதில் இருந்தது. தொகையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அப்பா பெயரிலும் தேடினேன், கிடைக்கவில்லை, ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

ஒரு தொல்லையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஆட்கள் எல்லோருக்கும் இருப்பதுதான்: இனிஷியல். பத்திரத்தில் என் பெயருக்கு முன் ஓர் எழுத்து. ஆதாரில் அந்த எழுத்து விரிந்து அப்பாவின் முழுப் பெயராகி என் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. பட்டாவில் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. பான் அட்டையில் இரண்டு இனிஷியல். காகிதப்படி நான் நான்கு ஆள். ஒவ்வொன்றாகத் திருத்த ஆயுள் போதாது என்பதால் உயிலின் முதல் பத்தியிலேயே 'இன்ன இன்ன ஆவணங்களில் இன்ன இன்ன விதமாகப் பெயர் எழுதப்பட்டவனும் நானே' என்று நான்கையும் எழுதிவிட்டேன். பட்டாவை மட்டும் திருத்த மனுக் கொடுத்தேன். அது நடந்துகொண்டிருக்கிறது.

ஐந்தாம் வாரம்: வீட்டில் நடந்த பேச்சு

இந்தக் கணக்கையெல்லாம் மனைவியிடம் காட்டினேன். அவள் ஆசிரியை, என்னைவிடத் தாளைக் கூர்ந்து படிப்பவள். உயில் இல்லாவிட்டால் யாருக்கு எவ்வளவு என்று வக்கீல் எழுதிக்கொடுத்த பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"உங்க சொத்துல உங்கம்மாவுக்குக் கால் பங்கு."

"ஆமா."

"என் சம்பளத்துல நான் சேர்த்ததுக்கு உயில் இல்லைன்னா?"

புரட்டிப் பார்த்தேன். அதே இந்து வாரிசுரிமைச் சட்டம், 15-ஆம் பிரிவு. பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும். அவர்கள் யாருமில்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்கு. அதற்கும் பிறகுதான் அவளைப் பெற்றவர்களுக்கு. தாய் தகப்பனிடமிருந்து வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு, பிள்ளைகள் இல்லாத பட்சத்தில் அது தகப்பன் வழிக்குத் திரும்பும். அவளே உழைத்துச் சேர்த்ததற்கு அந்த விலக்கு இல்லை.

"அப்ப உங்க அம்மா முதல் வரிசை. எங்க அம்மா கடைசி பெஞ்சு."

நான் சட்டத்தை எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. அவளே தொடர்ந்தாள்: "உங்களுக்கு ஒரு உயில் போதாதுங்க. எனக்கும் ஒண்ணு எழுதணும்."

இரண்டும் தனித்தனி உயில்தான். ஒரே தாளில் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதலாம், ஆனால் ஒருவர் போனபிறகு மற்றவர் மாற்ற நினைத்தால் சிக்கல் வரும் என்று வக்கீல் வேண்டாமென்றாள். மனைவி தன் வைப்புத்தொகையில் ஒரு பகுதியைத் தன் அம்மாவுக்கு எழுதினாள். அம்மா முந்திவிட்டால் அது மகள்களுக்கு. அரைமணி நேரத்தில் முடித்துவிட்டாள். நான் ஐந்து வாரமாகத் தடுமாறிக்கொண்டிருந்த வேலை.

வீட்டு விஷயத்தையும் அவள்தான் தீர்த்தாள். 'ஆயுள்வரை' வேண்டாம் என்றாள். "எனக்கு எழுபத்தஞ்சு வயசுல உடம்புக்கு முடியாமப் போயி, வீட்டை வித்துச் சின்னதா ஒண்ணுல இருக்கலாம்னு தோணினா, பொண்ணுகிட்டப் போயி நிக்கணுமா?" சரிதான். வீடு முழு உரிமையாக அவளுக்கு. எனக்கு முன் அவள் போய்விட்டால் மகள்கள் இருவருக்கும் சமபாகம்.

தம்பி வேறொரு யோசனை சொன்னான்: "எதுக்குண்ணே உயிலு? இப்பவே செட்டில்மென்ட் எழுதிக் குடுத்துரு, வேலை முடிஞ்சுது." முடியாது. உயிலை நினைத்தபோது மாற்றலாம், சாகும்வரை அது வெறும் காகிதம்தான். செட்டில்மென்ட் பதிவானால் அன்றே சொத்துக் கைமாறிவிடும். கவனித்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து மூத்த குடிமக்கள் சொத்தை மீட்க 2007-ஆம் வருஷத்துச் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்படி ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது என்பதே எனக்குப் போதுமான எச்சரிக்கை. அவரவர் நிலைமை வேறு. என் முடிவு இது.

எழுதியது

புது உயிலில் எண்களைக் குறைத்தேன். வீட்டுக்கு மட்டும் பத்திர எண், உட்பிரிவுக்குப் பின் வந்த சர்வே எண், அளவு, நான்கெல்லை எல்லாம் உண்டு. அண்டை வீட்டார் பெயருக்குப் பதில் கதவு எண் போட்டேன். பணத்துக்கு ரசீது எண், கணக்கு எண் எதுவும் இல்லை. 'நான் இறக்கும் தேதியில் என் பெயரில் எந்த வங்கியில் எந்த வகையில் இருக்கும் தொகையானாலும்' என்று தொடங்கி, இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்று முடியும் ஒரே வாக்கியம். வங்கி மாறினாலும் ரசீது மாறினாலும் இந்த வாக்கியம் மாறவேண்டாம்.

ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் 'அவர் எனக்கு முன் இறந்துவிட்டால்' என்று ஒரு வரி. மகளோ மகனோ முந்திவிட்டால் அவர்களின் பிள்ளைகளுக்குப் போகும் என்று சட்டமே சொல்கிறது. மற்றவர்கள் முந்தினால் அந்தப் பங்கு மீதிச் சொத்தோடு சேர்ந்துவிடும். தெரிந்த பிறகும் எழுதினேன். படிப்பவர் சட்டப் புத்தகத்தைத் தேடவேண்டாம் பாருங்கள்.

தாத்தா வழி நிலத்தில் என் பாகத்தை மட்டும் எழுதினேன். பூர்வீகச் சொத்து முழுவதையும் ஒருவர் உயிலெழுதி வைத்துவிட முடியாது, தன் பங்கு எதுவோ அதைத்தான் எழுத முடியும். மகள்களுக்கு அதில் பிறப்பால் உரிமை உண்டு என்பதை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சந்தேகமில்லாமல் சொல்லிவிட்டது.

கடைசியில் மீதி ஷரத்து, அதற்குப் பின் 'இதற்கு முன் நான் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்'. எக்ஸிகியூட்டராக மூத்த மகள். அவளால் முடியாவிட்டால் என் தங்கை மகன், என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவன். சொத்து வாங்குகிறவரே எக்ஸிகியூட்டராக இருக்கலாம், தடையில்லை.

நான் எழுதியது இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பத்தின் கதை. முஸ்லிம் என்றால் வாரிசுகள் சம்மதமில்லாமல் மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயிலெழுத முடியாது. கிறிஸ்தவர்களுக்கு உயில் இல்லாத சொத்து பிரியும் கணக்கு வேறு. கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாவதும் அவர்களுக்கு உண்டு.

கையெழுத்து, அதில் ஒரு சறுக்கல்

சாட்சி இருவர் வேண்டும், அது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. இருவரும் உயிலைப் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, என் முன்னால் அவர்கள் போட்டால் போதும். பின்னாளில் தகராறு வந்தால் இவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். அதனால் வயதில் சின்னவர்களாக, இடம் மாறாதவர்களாக, உயிலில் காலணாகூட வாங்காதவர்களாகத் தேடினேன். ஒருவர் எங்கள் குடும்ப டாக்டர். சுயநினைவோடு எழுதினாரா என்று யாராவது கேட்டால் டாக்டர் சொல்லுக்கு எடை உண்டு. இன்னொருவர் என்னோடு வேலை பார்க்கும் இளைஞர்.

வக்கீல் அலுவலகத்தில் ஐந்து பக்கம், ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வருகிறேன். மூன்றாம் பக்கத்தில் இளைஞருக்கு ஆலையிலிருந்து போன். "ஒரு நிமிஷம் சார்" என்று வெளியே போனார். நான் பேனாவை நிறுத்தவில்லை. அவர் திரும்பி வந்தபோது ஐந்தாம் பக்கமும் முடிந்திருந்தது. அவரும் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

"நிறுத்துங்க" என்றாள் வக்கீல்.

'இது என் கையெழுத்துதான்' என்று நான் அவரிடம் வாயால் ஒப்புக்கொண்டிருந்தாலே சட்டத்துக்குப் போதுமாம். ஆனாலும் அவள் விடவில்லை. பத்து வருஷம் கழித்துக் கூண்டில் நிறுத்தி 'அவர் கையெழுத்துப் போடும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்' என்று கேட்டால் இவர் 'வெளியே போன் பேசிக்கொண்டிருந்தேன்' என்றுதானே சொல்லவேண்டும்? ஐந்து பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடி அச்செடுத்து, எல்லோருடைய போனையும் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, முதலிலிருந்து போட்டோம்.

பதிவு செய்வது கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் எழுதிச் சாட்சி சரியாக இருந்தாலே உயில் செல்லும், முத்திரைத்தாளும் வேண்டாம். எத்தனை வருஷம் கழித்தும் பதிவுக்குக் கொண்டுபோகலாம், காலக்கெடு கிடையாது. நான் பதிவு செய்தேன். தாள் தொலைந்தாலும் நகல் அங்கே இருக்கும் என்பதுதான் காரணம். சார்பதிவாளர் நிமிர்ந்து பார்த்து, "சுயமா எழுதினதுதானே? யாரும் வற்புறுத்தலையே?" என்று கேட்டார். புகைப்படம், கைரேகை, முடிந்தது.

உயில்கள் பதிவாவது 3-ஆம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ தவிர யாருக்கும் நகல் தரமாட்டார்கள். இறந்தபிறகு யார் மனுப்போட்டாலும் தருவார்கள். இந்த இரண்டாவது பாதியைத் தெரிந்துகொண்டதும் உயிலில் எழுத நினைத்திருந்த இரண்டு விஷயங்களை எடுத்துவிட்டேன்: கடவுச்சொற்கள், அப்புறம் இளைய மகளுக்கு ஒரு வார்த்தை. அவற்றுக்கு வேறு இடம் பார்த்தேன்.

மிச்சசொச்சம்

அந்த வேறு இடம் ஒரு சிவப்புக் கோப்பு. முதல் பக்கத்தில் எது எங்கே இருக்கிறது என்று ஒரே தாள், அடியில் தேதி. கூகுள் கணக்கில் 'செயல்படாத கணக்கு நிர்வாகி' என்ற வசதி இருக்கிறது. நாம் சொல்லும் மாதங்கள் கணக்கு அசையாமல் கிடந்தால், நாம் குறித்த ஆட்களுக்குத் தகவலும் கோப்புகளும் போகும். பத்து நிமிஷ வேலை, செய்துவிட்டேன். தம்பிக்குப் பவர் பத்திரம் கொடுத்திருப்பதால் தனக்குப் பின்னால் அவனே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தார். பவர் கொடுத்தவர் இறந்த கணமே பவரும் முடிந்துவிடும். அதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

மீள முடியாத நிலைமையில் வெறுமனே மூச்சை இழுத்துப்பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் முன்பு கையெழுத்து வேண்டும் என்றிருந்ததை, 2023 ஜனவரியில் இரண்டு சாட்சியும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியும் போதும் என்று எளிதாக்கினார்கள். அதன் வரைவு கோப்பில் இருக்கிறது. கையெழுத்து இன்னும் போடவில்லை. மனைவி ஒரு மாதம் போகட்டும் என்கிறாள்.

பழைய மூன்று தாளைக் கிழித்தேன். நீலக் கோடு விழுந்த துண்டை மட்டும் சின்னவளிடம் காட்டினேன். "உங்க கையெழுத்து நல்லா இருக்குப்பா" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது அம்மாவின் முறை. தன் பெயரில் இருக்கும் பாதி வீட்டைப்பற்றி இதுவரை வாயே திறக்காதவர், இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு எழுதிரு" என்றார். வயது 81, கை நடுங்குகிறது. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தாலும் உயில் செல்லும், சட்டத்திலேயே இருக்கிறது என்று சொன்னேன்.

"கைநாட்டா? நான் எட்டாவது படிச்சவடா."

நான் பிழை திருத்திப்போட்ட பழைய வரைவுத் தாள்களின் பின்பக்கத்தில் நேற்றிலிருந்து கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். வக்கீலிடம் அடுத்த வியாழக்கிழமை வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன்.